கொக்கின் றெக்கையில் ஒரு முழம்

என் மனைவி கனிமொழிக்குக் கோபம் வராது. அவளுக்கும் சேர்த்து எனக்கு வரும். இந்தக் கதையை அவள் சொன்னால் சப்பென்று இருக்கும் என்பதால் நானே சொல்கிறேன். என் பெயர் இளம்பரிதி. திருக்காட்டுப்பள்ளியில் ஒரு குட்டி யானை வண்டி வைத்து லோடு அடிக்கிறேன். நெல் மூட்டை, செங்கல், மாட்டுத் தீவனம், சோபா செட்டு, எது கிடைத்தாலும் ஏற்றுவேன். போன தை மாதம் ஒரு கொக்கை ஏற்றினேன். அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

கனியின் அப்பா ரெத்தினமும் அம்மா ராசம்மாளும் ஊரார் வயலில் நாற்றுப் பறித்து, நடவு நட்டு, அவளைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க வைத்தார்கள். அதற்குமேல் படிக்க வைக்க வழியில்லை. அவள் அங்கன்வாடியில் ஆயாவுக்குத் துணையாகப் போனாள். அங்கே சுவரில் படம் வரைய வந்த ஆள் யானைக்குத் தும்பிக்கையை ரப்பர் குழாய் மாதிரி வரைந்துவிட்டுப் போக, பிள்ளைகள் அதைப் பார்த்து அழுதார்களாம். மிச்சம் கிடந்த பெயிண்டை எடுத்து இவள் அந்த யானையைத் திருத்தினாள். பிறகு பக்கத்து ஊர் அங்கன்வாடியில் கூப்பிட்டார்கள், பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள், தேர்தல் வந்ததும் கட்சிக்காரர்கள் கூப்பிட்டார்கள். எல்லாக் கட்சிச் சின்னத்தையும் வரைந்திருக்கிறாள். ஓட்டு யாருக்கு என்று மட்டும் என்னிடம்கூடச் சொன்னதில்லை.

பொம்பளை சாரம் ஏறலாமா என்று கேட்காத ஆள் இல்லை. சுடிதாருக்கு மேலே என் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு ஏறுவாள். கீழே நின்று வேடிக்கை பார்க்கிற வெட்டிப் பயல்களுக்குப் பதில் சொல்ல நான் இருந்தேன். பல தடவை சண்டையாகியிருக்கிறது. "நீங்க பேசாம வண்டியில போய் உக்காருங்க, பிரஷ் ஆடுது" என்பாள். அவமானப்பட்டது அவள், வாங்கிக் கட்டிக்கொண்டது நான்!

அதற்கப்புறம்தான் அவள் பலகையை வெட்டிப் படம் போட ஆரம்பித்தாள். மீன் கடைக்கு மீன் வடிவத்தில் போர்டு, பல் ஆஸ்பத்திரிக்குப் பல் வடிவத்தில் போர்டு. சதுரப் பலகையில் வரைந்து மாட்டினால் படம், உருவத்தையே அறுத்து மாட்டினால் ஆள் வந்து நிற்கிற மாதிரி இருக்கும் என்பாள். ஒரு கறிக்கடைக்காரர் மட்டும் சிரிக்கிற கோழி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். "வெட்டப் போற கோழி எதுக்குங்க சிரிக்குது?" என்று இவள் அவரைக் கேட்டே விட்டாள். அந்த ஆர்டர் போய்விட்டது.

தஞ்சாவூரில் புதிதாக முளைத்த நகர் ஒன்றில் வீடு கட்டிக்கொண்டிருந்த மங்கையர்க்கரசி என்கிற அம்மா, அந்த மீன் கடைப் போர்டைப் பார்த்துவிட்டுத்தான் விசாரித்து வந்தார். வீட்டுக்காரர் பஞ்சநதம், அரிசி மண்டி வைத்திருப்பவர். அந்த வீட்டில் டைல்ஸ் அவர் பார்த்தது, கேட் அவர் தம்பி பார்த்தது, சமையல்கட்டு மேடை மாமியார் சொன்ன உயரம். ஹாலில் மாடிப்படி ஏறுகிற சுவர் ஒன்று மட்டும் தனக்கு என்று அரசி அக்கா கேட்டு வாங்கியிருந்தார். அதில் ஒரு பெரிய பறவை வேண்டும்.

"மயிலாங்கக்கா?" என்று கனி கேட்டாள்.

"எல்லாரும் மயிலுதான் சொல்றாங்க. எனக்குக் கொக்கு வேணும். எங்க ஊர்ல சேறடிக்கும்போது டிராக்டர் பின்னாடியே நடந்து வரும் பாரு, திடீர்னு ஒண்ணு எழும்பும். காலு இன்னும் தரையை விட்டிருக்காது, றெக்கை மட்டும் அகலமா விரிஞ்சிரும். அது வேணும்."

கனி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாடிக்கையாளர்கள் யாரும் அவளிடம் இப்படிப் பேசியதில்லை. மஞ்சளைத் தூக்கலாப் போடு, கண்ணைப் பெருசாப் போடு என்பதோடு முடித்துக்கொள்வார்கள்.

தனக்குத் தெரிந்த மாதிரியே அவள் வேலையை ஆரம்பித்தாள். அந்தச் சுவர் முழுக்கப் பழைய செய்தித்தாளை ஒட்டி, ஏணியில் ஏறி நின்று கரியால் அங்கேயே கோடு இழுத்தாள். இடது றெக்கை படிக்கட்டின் சரிவோடு சேர்ந்து மேலே ஏறும். கழுத்து மேலே ஓடுகிற பீமுக்குக் கீழே வளைந்து போகும். வலது றெக்கை ஹால் பக்கம் நீளமாக இறங்கும். அந்தச் சுவருக்கு மட்டுமே பொருந்துகிற பறவை அது, வேறெங்கும் மாட்ட முடியாது. அரசி அக்கா படிக்கட்டில் உட்கார்ந்தபடி, "கழுத்தை இன்னும் கொஞ்சம் உள்ள இழு கனி, இப்பத்தான் எழும்புது" என்பார். இவள் அழித்துவிட்டுத் திரும்பப் போடுவாள். இரண்டு பேருக்கும் சாப்பாட்டு ஞாபகமே இருக்காது.

தாள்களைப் பிரித்து எடுத்துவந்து எங்கள் கொட்டகையில் பிளைவுட் மேல் விரித்து, ஜிக்சா மிஷினால் அறுத்தாள். முழுசாகத் தூக்க முடியாது என்பதால் உடம்பு தனி, இரண்டு றெக்கையும் தனித்தனி. இணைப்பு தெரியாதபடி இறகுக்கு அடியில் மறைத்தாள். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்தபின் பெயிண்ட். வெள்ளைக் கொக்குதானே, ஒரு டப்பா வெள்ளையை ஊற்றினால் தீர்ந்தது என்று நான் நினைத்தேன். பார்த்தால், நிழல் விழுகிற இடத்தில் நீலம், வெயில் படுகிற இடத்தில் லேசாக மஞ்சள், அடிவயிற்றில் சேற்று வெளிச்சம் என்று அவள் எத்தனையோ வெள்ளை கலந்து வைத்திருந்தாள். வேலை முடிந்த அன்று அதற்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "இதுவரைக்கும் யாராச்சும் சொன்னதைத்தான் வரைஞ்சேன். இது நான் வரைஞ்சதுங்க" என்றாள். கண்ணில் தூசி என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

றெக்கைகளைப் போர்வை சுற்றி என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். ஒரு மேட்டில் ஏறும்போதுகூட கனி ஆ ஊ என்று கத்தினாள். பிரசவத்துக்குக் கொண்டுபோகிற மாதிரி ஓட்டினேன். கொக்கு சுவர் ஏறியது. இளம் பயிரின் பச்சை அடித்த சுவரில் அது நின்றபோது, கொத்தனார், எலக்ட்ரீசியன் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். மயில் கேட்ட பஞ்சநதம் சார்கூட, "ம், பரவாயில்லையே" என்றார். அரசி அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

கிரகப்பிரவேசத்துக்கு எங்களையும் குடும்பத்தோடு வரச் சொன்னார். மாட்டும்போது உரசின ஓரங்களுக்கு வர்ணம் தொட்டு வைக்கலாம் என்று கனி, ஜிக்சா மிஷின் உட்பட எல்லாமும் கிடக்கிற தன் வேலைப் பையையும் எடுத்துக்கொண்டாள். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு கையில் பெயிண்ட் பையோடு வந்த ஒரே விருந்தாளி அவள்தான். பால் காய்ச்சி முடிந்தது. வருகிறவர்கள் எல்லாரும் கொக்குக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "நீங்கதானா?" என்று கனியின் கையைப் பிடித்துக் கேட்டார்கள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அந்த நேரம் பார்த்து வாசலில் மேளச் சத்தம். அரசி அக்காவின் அண்ணன் அரவிந்தன் பிறந்த வீட்டுச் சீர் கொண்டுவந்தார். தாம்பாளம் தாம்பாளமாகப் பழம், பட்டு, குத்துவிளக்கு. அதற்கெல்லாம் பின்னால் நாலு ஆள் தூக்கிக்கொண்டு வந்த ஒரு பெரிய அட்டைப் பெட்டி. பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ரோஜா மாலை வேறு போட்டிருந்தார்கள். என்ன சாமியோ என்று நான் கும்பிடப் போனேன். டிவி! கட்டில் அகலத்துக்கு ஒரு டிவி. அதை மாட்ட இர்பான் என்று கடையிலிருந்து ஒரு பையனையும் கையோடு கூட்டிவந்திருந்தார்.

எங்கே மாட்டுவது? எதிர்ப்பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். ஒரு பக்கம் பூஜை அறை, ஒரு பக்கம் வாசல். மிச்சம் இருந்தது கொக்குச் சுவர்தான். வலது றெக்கை இறங்குகிற இடம்தான் சோபாவுக்கு நேரே இருந்தது. இர்பான் டேப் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இந்த றெக்கையில ஒரு முழம் எடுத்துட்டா டிவி அம்சமா உக்காந்துரும்" என்றார் அரவிந்தன். பந்தியில் ஒரு இலையை நகர்த்திப் போடச் சொல்வதுபோல, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

கனிக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. "எடுக்கிறதுன்னா?"

"அறுத்துடறதுதாம்மா. உன் பையில மிஷின் இருக்கு போலிருக்கே."

"றெக்கையை அறுத்தா அது பறவை இல்லைங்க சார்."

"அட, பலகைதானே! உசுரா போவுது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்படின்னா டிவியில ஒரு முழம் அறுத்துருங்க சார், அதுவும் அம்சமா உக்காந்துரும்" என்று சொல்லிவிட்டேன். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அரவிந்தன் முகம் சிவந்துவிட்டது. பஞ்சநதம் சார் ஓடிவந்து என் தோளைப் பிடித்தார்.

"தம்பி, நல்ல நாளும் அதுவுமா சொந்தக்காரங்க முன்னாடி... கொஞ்சம் விட்டுக்குடுங்க. முடிஞ்சா அந்தப் பறவையை மேல தூக்கி மாட்டிடலாமே?"

"தூக்க முடியாதுங்க சார். கழுத்து பீம்ல இடிக்கும். இந்தப் பக்கம் நகர்த்தினா படியில இடிக்கும். இந்த இடத்துக்குன்னே வெட்டினது" என்றாள் கனி. எத்தனை நாள் ஏணி மேல் நின்றாள், அந்தச் சரிவையும் வளைவையும் எத்தனை தடவை அழித்துப் போட்டாள். நேற்றுக் கடையில் பில் போட்ட ஒரு பெட்டி இன்றைக்கு வந்து, நீ நகரு என்கிறது. வயிறு எரியாதா?

மாடி அறையில் மாட்டலாமே என்று யாரோ சொன்னதும் அரவிந்தனுக்குக் குரல் உயர்ந்தது. "சபையில வைக்காத சீரு ஒரு சீரா? வர்றவங்க கண்ணுல படணும்ல! இவ என்ன சாதாரணத் தங்கச்சியா? ஆத்தோர நிலத்துல இவளுக்கும் பங்கு இருந்துச்சு. கூப்பிட்டேன், வந்தா. பத்திர ஆபீஸ்ல எதுக்கு, ஏன்னு ஒரு வார்த்தை கேக்காம எனக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போனா. அப்படிப்பட்ட தங்கச்சிக்கு நான் ஹால்ல டிவி மாட்ட வேணாமா?"

கேட்டீர்களா அநியாயத்தை! காவிரித் தண்ணீர் பாய்கிற நஞ்சையை எழுதி வாங்கிக்கொண்டு அதைப் பெருமையாக வேறு சபையில் சொல்கிறார். சுற்றி இருந்த சொந்தக்காரர்களோ, "தங்கமான பொண்ணு, தங்கமான அண்ணன்" என்று தலையாட்டினார்கள். ஒருவருக்காவது உறைக்க வேண்டுமே!

அரசி அக்கா சமையல்கட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் கனியின் முகத்தைப் பார்க்காமல், மெல்லிசாக, "வெட்டிக்கட்டும் கனி. அண்ணன் மனசு நோகும்" என்றார்.

அந்த நிமிஷம் எனக்கு அரவிந்தனைவிட அரசி அக்கா மேல்தான் ஆத்திரம் வந்தது. படிக்கட்டில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, கழுத்தை உள்ளே இழு, காலை இன்னும் நீட்டு என்றவர் இவர்தானே! ஒரு சுவர், ஒரே ஒரு சுவர் கேட்டு வாங்கினார். அதையும் அண்ணன் வந்ததும் தூக்கிக் கொடுக்கிறார். "வா கனி, கழட்டிட்டுப் போயிருவோம். நம்ம கொட்டகையிலேயே கெடக்கட்டும்" என்று நான் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினேன்.

அதற்குள் அரவிந்தன் கனியின் பையிலிருந்து ஜிக்சாவை எடுத்து இர்பானிடம் நீட்டினார். "நீ அறு தம்பி."

"சார், நான் டிவி மாட்ட வந்தவன் சார்" என்று அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அவனுக்கு இருந்த அறிவு அங்கே வேறு யாருக்கும் இல்லை.

கனி போய் மிஷினை வாங்கிக்கொண்டாள். வாங்கின விதத்தைப் பார்த்து, சரி, அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. பையைத் துழாவி ஒரு சாக்பீஸை எடுத்து அரசி அக்காவிடம் போனாள்.

"சரிங்கக்கா. நானே வெட்டறேன். வேற யாரும் வெட்டினா பலகை பிஞ்சிரும். ஆனா எதுவரைக்கும்னு கோடு நீங்க போடுங்க. இவ்வளவு நாளும் நீங்க சொல்லித்தானே போட்டேன்? இதையும் நீங்களே போட்டுக் குடுங்க."

அரசி அக்கா சாக்பீஸை வாங்கினார். படி ஓரமாக நடந்து போய் வலது றெக்கைக்குப் பக்கத்தில் நின்றார். கையைத் தூக்கி வெள்ளை இறகில் வைத்தார். கொஞ்சம் மேலே நகர்த்தினார். அப்புறம் கீழே நகர்த்தினார். எந்த இடத்தில் வைத்தாலும் அது இறகாகவே இருந்தது. வைத்த கையை எடுக்கவும் முடியாமல், கோடு இழுக்கவும் முடியாமல் அவர் அங்கே நின்றதைப் பார்த்தபோது எனக்கு அவர்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பெற்ற பிள்ளையின் கையைக் காட்டி, எதுவரை வேண்டும் என்று கேட்டால் எந்த மனுஷி சொல்வாள்?

"சீக்கிரம் போடும்மா, நல்ல நேரம் முடியப் போவுது" என்றார் அரவிந்தன்.

அரசி அக்கா திரும்பினார். "முடியலண்ணே. டிவியை மாடியில வச்சுக்கறேன். நீங்க ஆசையாக் குடுத்ததை நான் வேணாம்னு சொல்லல. இந்தச் சுவரை மட்டும் விட்டுருங்க."

"அப்ப அண்ணனைவிட ஒரு கொக்கு பெருசாப் போச்சு?"

"அப்படி இல்லண்ணே..."

"போதும். சபையில என்னை அவமானப்படுத்திட்ட. டேய், டிவியைத் தூக்குங்கடா. வண்டியில ஏத்துங்க. என் சீரு இந்த வீட்டுல இருக்க வேணாம்."

வைத்த சீரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகிற அண்ணனை எங்கள் ஜில்லாவிலேயே நான் பார்த்ததில்லை. பெண்கள் ஐயையோ என்றார்கள். ஒரு சித்தி ஓடிவந்து, "அண்ணன் காலைத் தொட்டுக் கேளுடி" என்று அரசி அக்காவின் முதுகைப் பிடித்துத் தள்ளினார். பஞ்சநதம் சார் மச்சானின் கையைப் பிடித்துக் கெஞ்சினார். மேளக்காரர் வாசிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் முழித்தார். ஆட்கள் மாலையோடு டிவியைத் தூக்கி வாசல் வரைக்கும் கொண்டு போய்விட்டார்கள்.

"ஒரு நிமிஷம்ண்ணே" என்றார் அரசி அக்கா.

கத்தவில்லை. ஆனால் வாசலில் இருந்தவர்களுக்கும் கேட்டது.

"குடுத்த சீரைத் திருப்பி எடுத்துக்கலாம்னு எனக்கு இதுவரைக்கும் தெரியாதுண்ணே. எடுத்துக்கலாம்னா, நான் போட்டுக் குடுத்த கையெழுத்தையும் நான் திருப்பி எடுத்துக்கறேன். ஆத்தோரத்துல என் பங்கை அளந்து விட்டுருங்க. டிவியை எடுத்துட்டுப் போங்க."

டிவி வாசற்படியில் நின்றது. நாலு பேரில் இரண்டு பேர் வெளியே, இரண்டு பேர் உள்ளே. தூக்குவதா இறக்குவதா என்று அரவிந்தனைப் பார்த்தார்கள். அவர் தங்கையைப் பார்த்தார். பத்திர ஆபீஸில் அவர் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார், இப்போதுதான் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. ஒரு அண்ணன் தங்கையைப் பார்த்துப் பயந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். முதுகைப் பிடித்துத் தள்ளிய சித்தி கையை எடுத்துக்கொண்டார்.

"கொண்டாந்ததை யாராச்சும் திருப்பி எடுத்துட்டுப் போவாங்களா? கோவத்துல ஒரு வார்த்தை வந்துருச்சு" என்றார் அரவிந்தன், யாரையும் பார்க்காமல். "மாடிக்கே கொண்டு போங்கப்பா. பாத்து, படியில இடிச்சிராம."

டிவி கொக்குக்குக் கீழே படியேறி மாடிக்குப் போனது. றெக்கையில் படாமல் இர்பான் குறுக்கே கையை வைத்து மறைத்துக்கொண்டே ஏறினான்.

அரவிந்தன் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். போகவில்லை. முதல் பந்தியிலேயே உட்கார்ந்தார், ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அரசி அக்கா தானே வந்து அவர் இலையில் பாயசம் ஊற்றினார். எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை. நிலத்தையும் வைத்துக்கொண்டு, பாயசத்தையும் குடித்துவிட்டுப் போகிறாரே!

நாங்கள் கிளம்பும்போது அரசி அக்கா தாம்பூலப் பையோடு வண்டி வரைக்கும் வந்தார். கனியின் கையைப் பிடித்துக்கொண்டார். கொக்கைப் பற்றிச் சொல்லப் போகிறார் என்று கனி காத்திருந்தாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க ஊரெல்லாம் சுத்தறவரு. பத்திர விஷயம் தெரிஞ்ச நல்ல வக்கீல் யாராச்சும் இருந்தா சொல்லுங்க. வீட்டுல யாருக்கும் தெரிய வேணாம்."